புரண்டு படுத்தால் சுற்றுகிறதா?

வாசகர் கேள்வி - பிசியோதெரபிஸ்ட் பதில்

கே: வயது 58. படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலே அறை முழுக்கச் சுற்றுகிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடும். பித்தம் என்கிறார்கள், கழுத்து எலும்புத் தேய்மானம் என்கிறார்கள். மூன்று மாதமாக மாத்திரை போடுகிறேன். இதற்கு பிசியோதெரபி எப்படி உதவும்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

நீங்கள் சொல்வது பித்தமாகத் தெரியவில்லை. புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் சில விநாடி சுற்றி நின்றால், பெரும்பாலும் அது உள்காதுக் கோளாறு. டாக்டர் சீட்டில் 'பிபிபிவி' என்று இருக்கும். உள்காதில் ஒரு சிறு பையில் ஒட்டியிருக்க வேண்டிய கால்சியம் துகள்கள் கழன்று, பக்கத்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. தலை திரும்பும்போது அவை உருண்டு அங்குள்ள திரவத்தையும் இழுப்பதால், தலை சுழல்வதாக மூளை நினைத்துக்கொள்கிறது. மாத்திரை குமட்டலை அடக்கும், துகளை நகர்த்தாது. மூன்று மாதம் போட்டும் குறையாததற்குக் காரணம் அதுதான்.

முதலில் எந்தக் காது என்று தெரிய வேண்டும். தலையை ஒரு பக்கம் திருப்பியபடி உங்களைச் சட்டென்று படுக்கவைத்து, கண்விழி துடிக்கிறதா என்று பார்ப்போம். அந்த டிக்ஸ்-ஹால்பைக் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும்.

துகள் விழுந்திருப்பது வலது காதின் பின்பக்க அரைவட்டக் குழாயில் என்று உறுதியானால், அமெரிக்க டாக்டர் ஜான் எப்லி வகுத்த முறையைச் செய்வோம். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்புங்கள். அப்படியே மல்லாக்கப் படுங்கள். தோளுக்கு அடியில் தலையணை இருந்தால் தலை சற்றுப் பின்னே தாழும். சுற்றல் வரும், கண்ணை மூடாமல் இருங்கள். அது நின்ற பிறகும் 30 விநாடி பொறுத்து, தலையைத் தூக்காமல் இடப்பக்கமாக 90 டிகிரி திருப்புங்கள். மறுபடி 30 விநாடி. அடுத்து இடது தோள்மேல் உடம்பைப் புரட்டி, மூக்கு தரையைப் பார்க்கும்படி இன்னொரு 30 விநாடி. பிறகு காலைத் தொங்கவிட்டு, தாடையை நெஞ்சோடு தாழ்த்தியபடி மெல்ல எழுந்து உட்காருங்கள். பத்து நிமிடம் நடக்க வேண்டாம்.

முதல் நிலையில் சுற்றியதும் பயந்து எழுந்துவிடுவதுதான் பலருக்கும் நேர்வது. எழுந்தால் துகள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். நடுவில் தலையைத் தூக்கினாலும், காது மாறிப்போனாலும் பலனில்லை. சிலருக்குத் துகள் பக்கவாட்டுக் குழாய்க்கு நழுவி, சுற்றல் இன்னும் பலமாகும். அதற்கு வேறு முறை உண்டு. அதனால்தான் முதல் தடவை கட்டாயம் நேரில் செய்துகொள்ளச் சொல்கிறோம். கழுத்தில் கடுமையான பிரச்சினையோ, விழித்திரை விலகலோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். சரியான பிறகும் இரண்டு மூன்று நாள் தலை லேசாக மிதப்பது போல இருக்கும், கவலை வேண்டாம்.

கே: வைரஸ் தாக்கி உள்காது நரம்பு வீங்கியதாகச் சொன்னார்கள். ஆறு வாரமாகிறது. தலையைத் திருப்பினால் தள்ளாட்டம், கடைவீதிக் கூட்டத்தில் நிற்க முடியவில்லை. ஓய்வு எடுக்கவா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

வேண்டாம், இந்தக் கட்டத்தில் ஓய்வுதான் கெடுதல். ஒரு காது மந்தமானதை மூளை ஈடுகட்டக் கற்க வேண்டும், அது அசைவில்தான் நடக்கும். இங்கிலாந்தில் 1940களிலேயே கௌதோர்ன், குக்ஸி என்ற இரு டாக்டர்கள் இதற்குப் பயிற்சி வகுத்துவிட்டார்கள்.

கை நீட்டும் தூரத்தில் சுவரில் ஒரு எழுத்தை ஒட்டுங்கள். பார்வை எழுத்திலேயே இருக்கட்டும், தலை மட்டும் 'இல்லை' என்பது போல இடவலமாக அசையட்டும். ஒரு நிமிடம், பிறகு மேலும் கீழுமாக ஒரு நிமிடம். தினமும் மூன்று வேளை. எழுத்து மங்கினால் வேகத்தைக் குறையுங்கள். லேசாகச் சுற்ற வேண்டும், சுற்றாத வேகத்தில் செய்தால் மூளை எதையும் கற்காது. ஆனால் அந்தச் சுற்றல் 20 நிமிடத்துக்குள் அடங்கிவிட வேண்டும்.

பிறகு சுவர் மூலையில், முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பாதங்களைச் சேர்த்து 30 விநாடி நில்லுங்கள். அது எளிதானதும் கண்ணை மூடி, அதன் பிறகு தலையணைமேல். தலைசுற்றல் மாத்திரை இன்னும் தொடர்ந்தால் எப்போது நிறுத்தலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். அவற்றில் பல இந்தக் கற்றலைத் தாமதப்படுத்தும்.

கே: எந்தத் தலைசுற்றலுக்குப் பயிற்சி கூடாது?
- ஒரு வாசகி, சேலம்

சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, இதுவரை இல்லாத கடும் தலைவலி, எழுந்து நிற்கவே முடியாமை இவற்றில் ஒன்று வந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், அன்றைக்கே காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பாருங்கள்.