இடம் சொந்தம், மற்றதெல்லாம் வாடகை: தோட்டத்தில் வரவேற்பு வைக்கப் போகிறவர்களுக்கு

திருமண வரவேற்பைச் சொந்தத் தோட்டத்தில் வைப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். மாட்டிக்கொள்ளும் இடங்கள் மட்டும் ஏறக்குறைய ஒன்றேதான்.

கேள்வி: எங்களுக்கு நாலு ஏக்கர் தோட்டம் இருக்கிறது. மகளின் வரவேற்பை அங்கேயே வைத்தால் மண்டப வாடகை மிச்சம் என்கிறார் வீட்டுக்காரர். 300 பேர் வருவார்கள். உண்மையிலேயே மிச்சமாகுமா?

பதில்: பெரும்பாலும் ஆகாது. மண்டபத்துக்குக் கொடுக்கும் வாடகை நான்கு சுவருக்கு மட்டுமானது இல்லை. கூரை, சமதளமான தரை, மின்சாரம், தண்ணீர், கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம், சமையல்கூடம், நாற்காலி, குப்பை அள்ளும் ஆள் எல்லாம் அதில் அடக்கம். தோட்டத்தில் இவை ஒவ்வொன்றையும் தனித்தனி ஆளிடம் வாடகைக்கு எடுக்க வேண்டும். அது போக, ஒவ்வொருவரும் கொண்டுவந்து இறக்கும் செலவும், மறுநாள் ஏற்றிக்கொண்டு போகும் செலவும் தனி.

ஒரு வழி சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு மண்டபத்தை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளியாக வாசலில் இறங்குவதிலிருந்து வீடு திரும்ப வண்டி ஏறும்வரை கண்ணில் படும், கையில் படும் பொருளையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். கை கழுவும் குழாய், அதற்குக் கீழே போகும் கழிவுநீர், செருப்பில் சேறு படாத பாதை, கண்ணாடி, குப்பைத் தொட்டி என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் தோட்டத்துக்குக் கொண்டுவந்து தரும் விலையைக் கேட்டு, கூட்டிப் பாருங்கள். மண்டபக் கட்டணத்தோடு ஒப்பிட வேண்டிய தொகை அதுதான்.

காசு மிச்சம் பிடிக்க மட்டும் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். மகள் ஓடி விளையாடிய மண், தாத்தா வெட்டிய கிணறு, அங்கேதான் வேண்டும் என்ற ஆசை இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். அந்த ஆசைக்குச் செலவு செய்வதில் தவறே இல்லை. எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: 300 பேருக்கு 3,600 சதுர அடிப் பந்தல் போதும் என்கிறார் பந்தல்காரர். ஒப்பந்தத் தாளில் ‘மழை, காற்றால் ஏற்படும் எந்தச் சேதத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல’ என்று ஒரு வரி இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள்.

முதலில் அளவு. வட்ட மேசை போட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆளுக்கு 12 முதல் 15 சதுர அடி வேண்டும். அவர் சொல்லும் 3,600 அந்தக் கணக்கின் அடிமட்டம். மேடை, உணவு மேசைகள், அங்கே வரிசையில் நிற்பவர்கள், ஒலிபெருக்கி வைக்கும் இடம் எதுவும் அதில் சேரவில்லை. 5,000 சதுர அடிக்குக் குறைந்தால் நாற்காலியை இடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கும். பாதிப் பேர் சாப்பிடும்போது மீதிப் பேர் வெளியே நிற்பார்கள் என்பது உங்கள் திட்டம் என்றால் 3,600 சரிப்படும். ஆனால் மழை வந்தால் வெளியே நிற்பவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள்.

அடுத்து கூரை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 3,600 சதுர அடி என்பது சுமார் 335 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்தக் கூரைமேல் 3,300 லிட்டருக்கு மேல் விழுகிறது. எடையில் மூன்று டன்னைத் தாண்டும். சரிவான கூரை என்றால் அது வழிந்து ஓடிவிடும். தட்டையாகக் கட்டிய துணி என்றால் நடுவில் குழி விழுந்து அங்கேயே தேங்கும், தேங்கத் தேங்கக் குழி ஆழமாகும், ஒரு கட்டத்தில் கால் சாயும். அதனால் ‘நீர் புகாத துணியா’ என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ‘கூரைச் சரிவு எந்தப் பக்கம், வழியும் தண்ணீர் எங்கே போகும்’ என்றும் கேளுங்கள். சமையல் பக்கம் போகும் என்றால் பந்தலைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள்.

காற்றுக்கும் ஒரு கேள்வி உண்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பந்தலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். தோட்டம் என்பது திறந்த வெளி, தடுக்க எதுவும் இல்லை. எத்தனை கிலோமீட்டர் வேகம்வரை இந்தப் பந்தல் தாங்கும், அதைத் தாண்டினால் ஆட்களை வெளியேற்றச் சொல்வது யார் என்று எழுதி வாங்குங்கள். தொழில் தெரிந்தவர் இதற்கு உடனே பதில் சொல்வார். சமாளிக்கப் பார்க்கிறவரிடம் பந்தல் எடுக்க வேண்டாம்.

இப்போது அந்த வரி. புயல் மழைக்கு அவர் பொறுப்பேற்க முடியாது, அது நியாயம்தான். ஆனால் ‘எந்தச் சேதத்துக்கும்’ என்ற சொல் அவர் ஆட்கள் சரியாகக் கட்டாததால் வரும் சேதத்தையும் உங்கள் தலையில் போட்டுவிடும். ‘கட்டிய விதத்தில் உள்ள குறையால் வரும் சேதம் வாடகைக்குக் கொடுப்பவரைச் சேரும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வானிலை எச்சரிக்கையால் முந்தைய நாள் நிகழ்ச்சி நின்றுபோனால் எவ்வளவு திரும்பி வரும், வேறு தேதிக்கு மாற்றலாமா என்பதும் அதே தாளில் வர வேண்டும்.

இன்னொன்று, இது நான் நேரில் பார்த்தது. என் அக்கா மகன் வரவேற்புக்குப் பந்தல் முளை அடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது முளை மண்ணுக்குள் ஓர் அடி இறங்கியதும் ‘டப்’ என்று ஒரு சத்தம். ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பீறிட்டது. கிணற்றிலிருந்து தோப்புக்குப் போகும் குழாய் அந்த வழியாகத்தான் புதைத்திருந்தது. அது அக்கா வீட்டுக்காரருக்குத் தெரியும், ஆனால் அவர் அப்போது ஊருக்குள் பூ வாங்கப் போயிருந்தார். மோட்டாரை நிறுத்துவதற்குள் மேடை போட வேண்டிய இடம் சேறாகிவிட்டது. அதே இடத்தில் மோட்டார் வயர் புதைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது. பந்தல்காரர் வருவதற்கு முந்தைய நாளே புதைந்திருக்கும் குழாய், வயர், சொட்டுநீர்க் குழாய், கழிவுநீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் மேலே சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிடுங்கள். தலைக்கு மேலே மின்கம்பி போகும் இடத்தில் பந்தலே வேண்டாம்.

கேள்வி: தோட்டத்தில் பம்ப்செட்டுக்கு மின் இணைப்பு இருக்கிறது. அதிலேயே விளக்கும் பாட்டும் போட்டுக்கொள்ளலாமே, ஜெனரேட்டர் எதற்கு? எடுத்தால் எந்த அளவு எடுப்பது?

பதில்: பம்ப்செட் இணைப்பு எந்தப் பயன்பாட்டுக்குத் தரப்பட்டதோ அதற்குத்தான் பயன்பட வேண்டும். நிகழ்ச்சிக்குத் தற்காலிக இணைப்பு கிடைக்குமா என்று மின்வாரியத்திலோ மின்நிறுவனத்திலோ கேட்டுவிடுங்கள். கிடைத்தாலும் ஜெனரேட்டர் தயாராக இருக்கட்டும்.

அளவைக் குத்துமதிப்பாகச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஒவ்வொரு வாடகைக்காரரிடமும் ‘உங்கள் பொருள் எத்தனை கிலோவாட் இழுக்கும்’ என்று கேட்டு எழுதிக் கூட்டுங்கள். விளக்கு, ஒலி, மின்விசிறி, சமையல், குளிர்பெட்டி எல்லாம் சேர்ந்து 32 கிலோவாட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெனரேட்டரை கேவிஏ கணக்கில் விற்பார்கள், வாடகைக்கும் விடுவார்கள். ஒரு கேவிஏ என்பது பொதுவாக 0.8 கிலோவாட். எனவே 32 கிலோவாட்டுக்கு 40 கேவிஏ. முழு பாரத்தில் ஓட்டக் கூடாது, ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருக்க வேண்டும். அப்போது 50 கேவிஏ. தண்ணீர் மோட்டாரை இந்த ஜெனரேட்டரில் ஓட்டாதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைப் போல ஐந்து, ஆறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும், விளக்கெல்லாம் மங்கும். தொட்டியை முந்தைய நாளே நிரப்பிவிடுங்கள்.

டீசல் யார் செலவு என்பதில்தான் கடைசியில் சண்டை வரும். 32 கிலோவாட் பாரத்தில் ஐந்து மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 50 லிட்டர் போகும். தொட்டி நிறைந்து வருமா, மிஞ்சியது யாருக்கு, ஓட்டும் ஆள் கடைசிவரை கூடவே இருப்பாரா என்று முதலிலேயே பேசுங்கள்.

வைக்கும் இடம் பந்தலிலிருந்து தள்ளி, புகை வேறு பக்கம் போகிற மாதிரி இருக்க வேண்டும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மூடிய பந்தலுக்குள் அது சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் ரொம்பத் தள்ளி வைத்தால் நீளமான வயரில் மின்னழுத்தம் குறையும், அதற்குத் தடிமனான வயர் கேளுங்கள். எர்த் கம்பியும், மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் கசிவுத் தடுப்பானும் இல்லாமல் ஜெனரேட்டரை வாங்கி வைக்காதீர்கள். ஈரப் புல்லில் வெறுங்காலோடு குழந்தைகள் ஓடுவார்கள்.

அப்புறம் விளக்கு. வெள்ளை வெளிச்சத்துக்குப் பூச்சி அதிகம் வரும், மஞ்சள் வெளிச்சத்துக்குக் குறைவு. சாப்பிடும் பக்கம் மஞ்சள் விளக்கு போடச் சொல்லுங்கள்.

கேள்வி: தோட்ட வீட்டில் இரண்டு கழிப்பறை இருக்கிறது. அவசரத்துக்கு அது போதாதா?

பதில்: போதாது. ஆளுக்கு இரண்டு முறை, ஒரு முறைக்கு 6 லிட்டர் என்றால் 300 பேருக்கு 3,600 லிட்டர். ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய கழிவுநீர்த் தொட்டிக்குப் பல நாள் வேலையை ஒரே மாலையில் கொடுக்கிறீர்கள். அது நிரம்பி மேலே வந்தால் விருந்து அத்தோடு முடிந்தது.

நடமாடும் கழிப்பறைகள் குறைந்தது ஆறு எடுங்கள், எட்டு நல்லது, பெண்களுக்குக் கூடுதலாக ஒதுக்குங்கள். பேசும்போது மூன்று விஷயம் கேட்க வேண்டும்: தண்ணீர் யார் நிரப்புவது, நடுவில் சுத்தம் செய்ய ஆள் உண்டா, கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள். மூன்றாவதற்கு ‘உங்கள் தோட்டத்து மூலையிலேயே’ என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். பக்கத்தில் கிணறு இருக்கிறது.

போகும் பாதைக்கு வெளிச்சம் போட மறந்துவிடாதீர்கள். வயதானவர்கள் விழுவது பந்தலுக்குள் இல்லை, இருட்டில் வரப்பைத் தாண்டும்போதுதான்.

கேள்வி: சமையல்காரர் முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். பதிவுக்கு ஒரு பங்கு, பொருள் வாங்கும் வாரத்தில் ஒரு பங்கு, முடிந்த பிறகு ஒரு பங்கு என்று பிரியுங்கள். ரசீது கட்டாயம். குறைந்தபட்சம் எத்தனை பேருக்குப் பணம் கட்ட வேண்டும், எண்ணிக்கையை மாற்றக் கடைசி நாள் எது, பாத்திரம் கழுவத் தண்ணீர் யார் தருவது என்பதும் தாளில் இருக்கட்டும். சூடாகப் பரிமாறுவது 60 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே இருக்க வேண்டும், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே. இதற்கான அடுப்பும் குளிர்பெட்டியும் அவர் கொண்டுவருகிறாரா என்று கேளுங்கள். மண்டபத்திலேயே சமைத்துப் பழகியவருக்கு இது நினைவுக்கு வராது.

கேள்வி: தோட்டம் எனக்கும் அண்ணனுக்கும் பொது. அவர் பாதியில் பயிர் நிற்கிறது. வண்டி நிறுத்த இடம் கேட்கவே தயக்கமாக இருக்கிறது. வேலையை யார் பார்ப்பது என்பதிலும் ஆளுக்கொரு பேச்சு.

பதில்: அண்ணனிடம் இப்போதே போய் உட்கார்ந்து பேசுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் அவருக்கு மறுக்கவும் முடியாது, சம்மதிக்க மனசும் வராது. ஒரு காருக்கு, திரும்பும் வழியும் சேர்த்து, 300 சதுர அடி பிடிக்கும். 100 கார் என்றால் ஏறக்குறைய முக்கால் ஏக்கர் வேண்டும். அறுவடை முடிந்த நிலம்தான் சரி. தேதியை நீங்கள் அறுவடைக்குப் பிறகு தள்ளிக்கொள்ள முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் மிதிபடும் பயிருக்கு என்ன தருவீர்கள் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், அவர் வாயால் கேட்க வைக்காதீர்கள். அந்த வாரம் மருந்து அடிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இடத்துக்குப் பொறுப்புக் காப்பீடு எடுத்தால் இருவர் பெயரிலும் எடுங்கள். யாராவது விழுந்து அடிபட்டால் நிலம் யாருடையது என்ற கேள்வி வரும்.

அன்றைய பொறுப்பை மட்டும் வெளியாள் ஒருவருக்குக் கூலி கொடுத்து ஒப்படையுங்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். பெண்ணின் அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லாரும் வருகிறவர்களை ‘வாங்க’ என்று கூப்பிடும் இடத்தில் நிற்க வேண்டியவர்கள். ஜெனரேட்டர்காரர் ஏதாவது கேட்க வந்தால் அவர்களைத் தேடிப் போகக் கூடாது. எந்த வாடகைக்காரர் எத்தனை மணிக்கு வருவார், எந்த வாசல், எங்கே இறக்குவார், யாருக்குப் பாக்கி எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதி அந்த ஆளிடம் கொடுங்கள். பெரிய லாரி முதலில் வர வேண்டும், பந்தல் எழுந்த பிறகு மேசை, மேசைக்குப் பிறகு ஒலி. வாய்க்கால் பாலம் லாரியைத் தாங்குமா என்று ஒரு நாள் முன்பே பார்த்துவிடுங்கள். ஆம்புலன்ஸ் வந்து திரும்ப ஒரு பாதை காலியாகவே இருக்கட்டும்.

கைபேசி வரைபடம் தோட்டங்களை அடிக்கடி பக்கத்து வண்டிப்பாதையில் காட்டும். நீங்களே வாசலில் நின்று இடக்குறியை எடுத்து, எல்லாருக்கும் அனுப்பி, ஒருவரை அதைப் பார்த்தே வரச் சொல்லிச் சோதித்துவிடுங்கள். மோட்டார் அறைச் சாவியின் இன்னொரு நகலும், குழாய் எங்கே போகிறது என்று அண்ணன் கையால் வரைந்த படமும் அந்தப் பொறுப்பாளரின் பையில் இருக்க வேண்டும்.