பாட்டுக்காக ஒரு மொழி

கேள்வி: எனக்கு வயது 20. ஒன்பதாம் வகுப்பிலிருந்து மெட்டல் (உரத்த ராக் வகை இசை) கேட்கிறேன். பஸ்ஸில், படிக்கும்போது, தூங்கும் முன் என்று எந்நேரமும் அதுதான். குழுக்களின் லோகோக்களை நோட்டில் வரைவேன், கொஞ்சம் கிட்டார் வாசிப்பேன். பிடித்த குழுக்கள் பாடும் மொழியைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு ஜெர்மன் தொடங்கினேன், இரண்டு மாதத்தில் நின்றுபோனது. அப்புறம் ஜப்பானியம், மூன்று வாரம். இப்போது ஃபின்லாந்தின் மொழியான ஃபின்னிஷ். "பாட்டுக்காக யாராவது மொழி படிப்பார்களா? வேலைக்கு ஆகிற மொழியாகப் பார்த்துப் படி" என்கிறார்கள் தோழிகள். அம்மாவுக்கோ கறுப்பு டீ-ஷர்ட்டையும், ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நீட்டி நான் காட்டும் கை முத்திரையையும் பார்த்தால் பயம். எனக்கு ஏதோ மனக்கஷ்டம் என்று நினைக்கிறார். அடுத்த மாதம் முதன்முறையாக ஒரு பெரிய கான்சர்ட்டுக்குத் தனியாகப் போகிறேன். போன முறை ஒரு சின்ன அரங்கில் கேட்டுவிட்டு வந்து இரண்டு நாள் காதில் ரீங்காரம். நான் நேரத்தை வீணடிக்கிறேனா? எந்த மொழியைத் தொடரலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் தந்திருக்கிறேன். முழுக் கடிதத்தில் ஜெர்மனுக்கு நான்கு வரி, ஜப்பானியத்துக்கு இரண்டு வரி, ஃபின்னிஷுக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் கையெழுத்துகூட வேகமெடுத்திருக்கிறது. எந்த மொழி என்பதற்குப் பதிலை நீங்களே எழுதி அனுப்பிவிட்டீர்கள். ஃபின்னிஷைத் தொடருங்கள். மற்ற இரண்டையும் குற்ற உணர்ச்சி இல்லாமல் மூடி வையுங்கள்.

வீணடிக்கிறேனா என்று கேட்டீர்கள். இல்லை. வகுப்பில் மொழி கற்பவர்களுக்குப் பெரிய கஷ்டமே திரும்பத் திரும்பக் கேட்பதுதான். ஒரே உரையாடலை நாலாவது முறை கேட்கும்போது சலித்துவிடும். நீங்கள் ஒரு பாட்டை நூறு முறை கேட்டும் சலிக்காதவர். அர்த்தம் தெரியாமலே பல வரிகள் மனப்பாடம் என்றும் சொல்கிறீர்கள். அது பூட்டிக் கிடக்கும் சொத்து. திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

ஜெர்மனியின் ராம்ஸ்டைன் குழு 1997-இல் வெளியிட்ட 'டூ ஹஸ்ட்' பாட்டைப் பதினான்கு வயதிலிருந்து பாடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதையே எடுத்துக்கொள்வோம். 'டூ ஹஸ்ட்' என்பதை எழுதும்போது ஒரு எஸ் வந்தால் 'உன்னிடம் இருக்கிறது', இரண்டு எஸ் வந்தால் 'நீ வெறுக்கிறாய்'. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். பாட்டு அந்த இரண்டு சொல்லைச் சொல்லி நிறுத்தும். அப்புறம் 'என்னை' என்ற சொல்லைச் சேர்த்து மறுபடி நிறுத்தும். கேட்பவருக்கு 'நீ என்னை வெறுக்கிறாய்' என்றே விழும். கடைசியில் 'கெஃப்ராக்ட்' என்ற சொல் வந்ததும் எல்லாம் புரண்டுவிடுகிறது. 'நீ என்னைக் கேட்டாய்' என்றாகிவிடுகிறது. ஜெர்மனில் நடந்து முடிந்ததைச் சொல்லும்போது 'ஹஸ்ட்' ஒரு துணைவினையாக முன்னால் நிற்கும், அசல் வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். இதைப் பாடப்புத்தகத்தில் அட்டவணையாகப் படித்தால் ஒரு வாரத்தில் மறக்கும். அந்தப் பாட்டில் கேட்டவருக்கு மறக்காது. 'நான் உன்னை' என்று சொல்லி நிறுத்தினால் அடுத்து வருவது அடிப்பேனா அணைப்பேனா என்று காத்திருப்பவர்கள்தானே நாம். வினைக்காகக் காத்திருப்பது தமிழ்க் காதுக்குப் புதிதில்லை.

பின் ஏன் இரண்டு மாதத்தில் நின்றது? உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது. செயலியில் விமான நிலையம், ஓட்டல் அறை, வணக்கம், நலமா என்று போய்க்கொண்டிருந்தது. ஹெட்போனில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரு நாள்கூடச் சந்திக்கவில்லை. எந்தப் பாட்டுக்காகத் தொடங்கினீர்களோ அதில் ஒரு வரிகூடப் புரியாமல் இரண்டு மாதம் போனால் யாருக்கும் விட்டுப்போகத்தான் செய்யும். உங்களுக்குப் பொறுமை இல்லை என்று நான் நினைக்கவில்லை. ஒரு லோகோவை மூன்று மணி நேரம் உட்கார்ந்து வரைகிறவர் நீங்கள்.

ஃபின்னிஷ் கடினம் என்று ஊரே சொல்லும். வேற்றுமை மட்டும் 15. நமக்கு எட்டு. ஆனால் அது இயங்கும் விதத்தைப் பாருங்கள். 'தலோ' என்றால் வீடு. 'தலொஸ்ஸ' என்றால் வீட்டில். 'தலொஸ்த' என்றால் வீட்டிலிருந்து. சொல்லின் வாலில் உருபு ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவர் இதைப் பார்த்து மிரளலாம். நாம் மிரள வேண்டியதில்லை.

ஒலியும் அப்படித்தான். 'துலி' நெருப்பு, 'தூலி' காற்று, 'துல்லி' சுங்கம். குறிலை நெடிலாக்கினாலும் ஒற்றை இரட்டித்தாலும் பொருள் மாறிவிடும். படு, பாடு, பட்டு, பாட்டு என்று குழந்தையிலிருந்து சொல்லிப் பழகிய வாய்க்கு இது விளையாட்டு மாதிரி. எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த இடம் இன்னொன்று. 'குக்க' என்றால் பூ. பூவின் என்று சொல்ல வேண்டுமானால் 'குகன்'. உருபு ஏறியதும் இரட்டை ஒற்று ஒன்றாகிவிடுகிறது. நம் வீடு 'வீட்டின்' ஆகும்போது ஒற்று இரட்டிக்கும், அங்கே தலைகீழாக நடக்கிறது. பாட்டில் கேட்ட 'குகன்' என்ற சொல்லை அகராதியில் தேடினால் கிடைக்காது. 'குக்க' என்று தேட வேண்டும். இது தெரியாமல்தான் பலர் முதல் பாட்டிலேயே சோர்ந்துபோகிறார்கள்.

எழுத்து மொழிக்கும் பேச்சு மொழிக்கும் அங்கே நல்ல இடைவெளி உண்டு. 'நான் இருக்கிறேன்' என்பது எழுத்தில் நான்கு அசை, பேச்சில் இரண்டே அசையாகச் சுருங்கிவிடும். 'போகிறேன்' என்று எழுதிவிட்டுப் 'போறேன்' என்று பேசுகிற நமக்கு இதில் என்ன அதிர்ச்சி?

சரி, எப்படித் தொடங்குவது? ஒரே ஒரு பாட்டு. உறுமல் குரல் உள்ள பாட்டு இப்போதைக்கு வேண்டாம். உறுமும்போது குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் பொய்க் குரல்நாண்களும் சேர்ந்து அதிரும். கேட்க அற்புதமாக இருக்கும், ஆனால் எந்த உயிரெழுத்து என்று பிரித்துப் பிடிப்பது அந்த மொழிக்காரருக்கே கஷ்டம். தெளிவாகப் பாடும் பாட்டாக எடுங்கள். குழுவின் நாட்டை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். ஃபின்ட்ரோல் ஃபின்லாந்துக் குழுதான், பாடுவது ஸ்வீடிஷில். நைட்விஷ் பெரும்பாலும் ஆங்கிலத்தில். கோர்பிக்லானி, மூன்ஸாரோ போன்ற குழுக்களிடம் ஃபின்னிஷ் பாட்டு நிறையக் கிடைக்கும்.

லோகோ வரைகிற அதே நோட்டில் அந்தப் பாட்டைக் கையால் எழுதுங்கள். வரிக்கு வரி இடைவெளி விட்டு எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லிலும் உருபு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். கீழே தமிழில் பொருள் எழுதுங்கள், ஆங்கிலம் வழியாகப் போக வேண்டாம். 'வீட்டிலிருந்து' என்று ஒரே சொல்லில் எழுத முடிவதை ஏன் இரண்டு மூன்று சொல்லாக உடைத்துப் படிக்க வேண்டும்? ஒரு நாளைக்கு இரண்டு வரி போதும்.

ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். பாட்டு உங்களுக்குக் காதைத் தரும், நாக்கைத் தராது. பாட்டில் சொற்களை இழுப்பார்கள், மெட்டுக்காக வரிசையை மாற்றுவார்கள், நாட்டார் கதை பாடும் குழுக்கள் பழஞ்சொல்லையும் கொண்டுவருவார்கள். வாளும் காடும் பனியும் தெரிந்து, 'நேற்று ஏன் வரவில்லை' என்று கேட்கத் தெரியாமல் போகும். அதனால் ஒரு மாதம் கழித்து, வாரம் ஒரு முறையாவது ஃபின்னிஷ் பேசும் ஒருவருடன் பேசப் பாருங்கள். தமிழோ ஆங்கிலமோ பழக விரும்பும் ஒருவர் கிடைத்தால் பாதி நேரம் உங்கள் மொழி, பாதி நேரம் அவர் மொழி. முதல் சில வாரம் வாய் திறக்கவே வராது. நான் ஜெர்மன் படித்த காலத்தில், மனப்பாடமாகத் தெரிந்த வாக்கியமே எதிரில் ஒருவர் உட்கார்ந்ததும் தொண்டையில் நின்றுவிடும். ஐந்தாவது ஆறாவது முறையில் சரியாகும்.

தோழிகள் சொல்வதில் அக்கறை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. வேலைக்காக ஒரு மொழி வேண்டுமென்றால் அதைத் தனியாகப் படித்துக்கொள்ளலாம். ஆனால் பாட்டுக்காக மொழியா என்று கேட்பவர்களுக்கு மெட்டல் உலகத்தில் மொழியை எவ்வளவு பெரிதாக மதிக்கிறார்கள் என்பது தெரியாது. நியூசிலாந்தின் ஏலியன் வெப்பன்ரி குழு தங்கள் மூதாதையரின் மாவோரி மொழியில் த்ராஷ் என்ற வேகமான மெட்டல் பாடுகிறது. சுவிட்சர்லாந்தின் எலுவெய்டி, பேசுவதற்கு ஒருவரும் மிஞ்சாத 'கால்' (Gaulish) என்ற பழைய ஐரோப்பிய மொழியைப் பழம்பொறிப்புகளிலிருந்து எடுத்துப் பாடியிருக்கிறது. ஐஸ்லாந்தின் ஸ்கால்மோல்ட் தங்கள் பழைய செய்யுள் இலக்கணப்படி முதலெழுத்து ஒன்றிவர எழுதுகிறார்கள். நாம் மோனை என்கிறோமே, அதுதான். அவர்கள் இலக்கணத்தில் எல்லா உயிரெழுத்தும் ஒன்றுக்கொன்று மோனை. நமக்கு அ, ஆ, ஐ, ஔ ஓரினம். இதைப் படித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் காட்டும் அந்தக் கை முத்திரையைப் பரப்பியவர் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ. 1979-இல் பிளாக் சபாத் குழுவில் சேர்ந்தவர். இத்தாலிய வம்சாவளியைச் சேர்ந்த தன் பாட்டி கண்ணேறு படாமலிருக்கக் காட்டிய முத்திரை அது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதாவது திருஷ்டி கழிக்கிற கை. இதை அம்மாவிடம் சொல்லுங்கள். கூடவே, நோட்டில் நீங்கள் தமிழாக்கிய பாட்டையும் ஒரு மாலையில் படித்துக் காட்டுங்கள். அம்மாவுக்கு இதுவரை சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது, சொல் கேட்டதில்லை. உங்களுக்கு நிஜமாகவே மனக்கஷ்டம் ஏதும் இருந்தால் அதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவருக்கு வேண்டியது அந்த ஒரு வாக்கியம்தான்.

இனி கான்சர்ட். உங்கள் கடிதத்திலேயே என்னைக் கவலைப்பட வைத்த வரி, இரண்டு நாள் ரீங்காரம் என்பதுதான். உள்காதில் ஒலியை வாங்கும் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது தொழிலாளர் பாதுகாப்புக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்த கணக்கு. அதற்கு மேல் மூன்று மூன்று டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 88-இல் நான்கு மணி நேரம், 91-இல் இரண்டு, அப்படியே போனால் 100 டெசிபெல்லில் 15 நிமிடம். மெட்டல் மேடை முன்னால் 100-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். கான்சர்ட்டோ இரண்டு மூன்று மணி நேரம் நடக்கும்.

எனவே இசைக்காகவே செய்யப்பட்ட காதடைப்பான் வாங்குங்கள். பஞ்சு வேண்டாம், அது பெரிதாக எதையும் தடுக்காது. சாதாரண நுரை அடைப்பான் காதைக் காக்கும், ஆனால் கூர்மையான ஒலிகளை அதிகமாக வெட்டிப் பாட்டை மந்தமாக்கிவிடும். வடிகட்டி வைத்த அடைப்பான் எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். கிட்டாரும் சிம்பலும் தனித்தனியாகவே கேட்கும். முதல் பாட்டுக்கு முன்பே மாட்டிக்கொள்ளுங்கள், காது வலித்த பிறகு மாட்டிப் பயனில்லை. இப்போதும் ரீங்காரம் லேசாகவாவது மிச்சமிருந்தால் கான்சர்ட்டுக்கு முன் காது மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தனியாகப் போவதில் தவறில்லை. திரும்பும் வழியை முன்கூட்டியே முடிவு செய்து, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மிக்ஸிங் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஒலியைச் சரிசெய்பவர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் சரிசெய்கிறார், அதனால் பெரும்பாலும் அங்கேதான் நன்றாகக் கேட்கும். மேடை முன்னால் ரசிகர்கள் ஒருவரையொருவர் மோதி ஆடும் மோஷ் பிட்டுக்குள் போக ஆசை இருந்தால் முதலில் ஓரத்தில் நின்று இரண்டு பாட்டு பாருங்கள். யாராவது விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் உடனே தூக்கிவிடுவது அங்கே எழுதாத சட்டம். நீங்களும் தூக்கிவிடுங்கள். ஷூ நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டுக்கொள்ளுங்கள். தொந்தரவு செய்யும் நோக்கத்தில் யாராவது கை வைத்தால் பொறுத்துப்போக வேண்டாம். உடனே வெளியே வந்து பாதுகாப்பு ஊழியரிடம் சொல்லுங்கள். அதற்குத்தான் அவர்கள் நிற்கிறார்கள்.

கான்சர்ட்டுக்கு நான்கு வாரம் இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு வரி என்றால் ஒரு பாட்டு முழுவதற்கும் தாராளம். ஃபின்லாந்துக் குழு ஒன்றும் அன்று மேடையேறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் குழுவின் பாட்டு ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று அவர்கள் அதை வாசித்தால், எந்தச் சொல் முதலில் புரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.