பொய்யா 999 அவசர நம்பருக்கு அடிச்சு வீட்டுக்கு போலீஸ் அனுப்பினா என்ன செய்யலாம்?

மலேசியாவுல பினாங்கு பாயான் பாருலேர்ந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க. ராத்திரி ஒரு மணிக்கு போலீஸ் கதவ இடிச்சிருக்கு, வீட்டுல ஒருத்தன் கத்தியோட அம்மாவ புடிச்சி வச்சிருக்கான்னு யாரோ 999க்கு சொல்லிட்டாங்களாம். மகன் ஹெட்ஃபோன் மாட்டி கேம் ஆடிக்கிட்டிருந்தான், கையில கருப்பு கண்ட்ரோலர். கேம்ல சண்ட போட்ட பையன் வேலைதான்கிறான். இப்ப ஒரு ஆளு 3,000 வெள்ளி (ரிங்கிட்) குடுத்தா கேஸ செட்டல் பண்ணித் தர்றேங்கிறானாம். குடுக்கலாமா, அடுத்த தடவ வந்து சுட்டுட்டா யாரு பொறுப்புன்னு கேக்குறாங்க.

குடுக்காதீங்கக்கா. உங்க மேல கேஸே இல்ல, அவன் என்னத்த செட்டல் பண்ணுவான்? பாலாய் (போலீஸ் ஸ்டேஷன்) எதிர் கோப்பிக்கடையில ஒரு ஃபைல், ரெண்டு போன், "உள்ள நமக்கு ஆள் இருக்கு"ன்னு உக்காந்திருப்பானுங்க, இருபது வருஷமா பாக்குறேன். போலீஸுக்குன்னு காசு குடுத்தா குடுத்தவங்களும் எம்ஏசிசி, அதாவது ஊழல் தடுப்பு ஆணைய சட்டத்துல மாட்டுவாங்க, 20 வருஷம் வரைக்கும் ஜெயில்.

நீங்களே ரிப்போர்ட் போடுங்க. எந்த பாலாய்லயும் போடலாம், காசு கிடையாது. மலாய்ல டைப் பண்ணித் தருவாங்க, படிக்காம கையெழுத்து போடாதீங்க. என்கிட்ட வந்த ஒருத்தர் "யாரோ பொய்யா போலீஸ கூப்பிட்டாங்க"ன்னு சொல்லியிருக்காரு, தாள்ல "போலீஸ் வந்து தொல்ல குடுத்தாங்க"ன்னு இருந்துச்சு, அத திருத்த மூணு நட.

பொய் தகவல் குடுத்தா தண்டனைச் சட்டம் 182, ஆறு மாசம் ஜெயில் இல்ல 2,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். ஒரு நல்ல போன் விலை கூட இல்ல! தொடர்பு மல்டிமீடியா சட்டம் 233ல 2025லேர்ந்து 5 லட்சம் வெள்ளி, ரெண்டு வருஷம் வரைக்கும் போகும். ஆனா ஒண்ணு, சொன்னவனுக்கு அது பொய்னு தெரிஞ்சிருக்கணும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி உங்க மகன் கத்துறத கேட்டு பயந்து அடிச்சிருந்தா அது குத்தம் இல்ல, நெனச்சது தப்பா இருந்தாலும் குத்தம் இல்ல, நல்ல மனசோட அடிச்சவங்கள இதுல இழுக்காதீங்க, அவங்க பேர ரிப்போர்ட்ல எழுதவே எழுதாதீங்க.

சுடுறது பத்தி. அமெரிக்காவுல விச்சிட்டா ஊர்ல 2017ல இதேதான் நடந்துச்சு, ஒண்ணர டாலர் பந்தயச் சண்ட, கேமுக்கே சம்பந்தமில்லாத ஆள் வாசல்ல செத்தாரு. போன் பண்ணவனுக்கு 20 வருஷம், சுட்ட போலீஸ் மேல கேஸே போடல. நம்ம ஊர்ல? 2010ல ஷா ஆலத்துல கார் ஓட்டிக்கிட்டு போன 14 வயசு பையன போலீஸ் சுட்டாங்க, சுட்ட கார்ப்பரலுக்கு அஞ்சு வருஷம்னு தீர்ப்பு வந்து 2012ல ஹைகோர்ட்டு விடுதல பண்ணிடுச்சு. 2005ல அரசு போட்ட ராயல் கமிஷன், போலீஸ் மேல வர்ற புகார விசாரிக்க தனி அமைப்பு வேணும்னுச்சு, 2023 ஜூலையில ஐபிசிசின்னு ஒரு ஆணையம் வந்துச்சு, அதுக்கு தண்டிக்கிற பவர் இல்ல, ஐஜிபியோட (போலீஸ் தலைவரோட) ஸ்டாண்டிங் ஆர்டர்ல, அதாவது நிரந்தர உத்தரவுல வர்ற விஷயத்த தொடவும் முடியாது. பதினெட்டு வருஷம் உக்காந்து யோசிச்சு இதுதான் குடுத்திருக்காங்க, என்னத்த சொல்ல.

அதனால மறுபடி தட்டினா லைட்ட போடுங்க, மகன் கையில எதுவும் வேணாம், ரெண்டு கையும் தெரியுற மாதிரி நிக்கட்டும், ஐசி (அடையாள அட்டை) எடுக்கணும்னா சொல்லிட்டு எடுக்கட்டும். பாலாய்க்கு போறப்ப கேம் சாட்ட பிரிண்ட் எடுத்துட்டு போங்க. போலீஸ் மகனோட போன கேட்டா குடுங்க, வாங்கிக்கிட்டோம்னு எழுதி வாங்காம மட்டும் வந்துடாதீங்க.