முதலில் நிற்பது அம்மாவின் புடவை

(ஜவுளி வாங்குவது, விற்பது பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், ஈரோட்டில் 27 வருடம் துணிக்கடைக் கல்லாவில் இருந்தவர்.)

அக்கா, என் வீட்டுக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லர். அமெரிக்கா வரி போட்டதிலிருந்து ஒரு ஷிப்ட் வேலைதான். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு மட்டும் துணி எடுத்தோம். எங்கேயோ போட்ட வரி என் புடவையை எப்படி நிறுத்துகிறது?
— வாசகி, அவிநாசி

அம்மணி, 2025 ஆகஸ்ட் 27 அன்று நம் துணிக்கு அங்கே 50 சதவீதக் கூடுதல் வரி விதித்தார்கள். வாங்குகிறவர் ஆர்டரைத் தள்ளிப்போட்டாலும் சரி, விலையைக் குறை என்று கேட்டாலும் சரி, கம்பெனிக்காரர் முதலில் கைவைப்பது வழக்கமாக ஓடும் ஒன்றரை ஷிப்டில் உள்ள அந்த அரை ஷிப்டில்தான். ஒரு ஷிப்ட் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடும். துணி, சீட்டு, ஊருக்குப் போகிற பஸ் செலவு எல்லாம் அரை ஷிப்ட் காசு.

கல்லாவில் இருந்து நான் பார்த்த வரிசை ஒன்று உண்டு. கையில் காசு குறைந்தால் பிள்ளைகள் துணி நிற்காது. ஒரு சைஸ் பெரிதாக எடுப்பார்கள், அவ்வளவுதான். அப்பா "போன வருஷ சட்டையே புதுசா இருக்கு" என்பார். ஆனாலும் கடைசியில் ஒரு வேட்டியாவது பையில் விழும். அம்மா ஒரு புடவையைத் தொட்டுப் பார்ப்பாள், விலைச்சீட்டைத் திருப்புவாள், மடித்து வைத்துவிட்டு "பொங்கலுக்குப் பார்த்துக்கலாம்" என்பாள். கொரோனா வருஷத் தீபாவளியில் இதை நாள் முழுக்கப் பார்த்தேன். புடவை அடுக்கு அப்படியே இருந்தது, நைட்டி மட்டும் தீர்ந்துபோனது. ஊரில் பணம் புரளவில்லை என்பதை எனக்கு முதலில் சொன்னது அந்தப் புடவை அடுக்குதான். எனக்கு அது இன்றும் வலிக்கிறது. பொங்கலுக்காவது ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதை வீட்டுச் செலவுக் கணக்கிலேயே எழுதுங்கள், மிச்சத்தில் பார்ப்போம் என்று விடாதீர்கள்.

ஜிஎஸ்டி குறைந்தது என்றார்கள். பெண் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போனால் விலை ஏறித்தானே இருக்கிறது?
— வாசகர், தாராபுரம்

குறைந்தது ரெடிமேடுக்கு. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. எங்கள் கடையில் 1,050 ரூபாய்ச் சட்டையை 999-க்கு இறக்கினோம், நின்ற சரக்கு நகர்ந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 வரை 5, அதற்கு மேல் 18. 2,000 ரூபாய்ச் சுடிதாருக்கு முன்பு 240 ரூபாய் வரி, இப்போது 100. 3,000 ரூபாய் என்றால் 360 இருந்தது 540 ஆகிவிட்டது. அதனால் 2,500-க்குள் என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள்.

நெய்த பட்டுப்புடவை துணிக் கணக்கில் வரும். அதற்கு அன்றும் 5, இன்றும் 5. உங்கள் கையைக் கடிப்பது ஜரிகை. வெள்ளியும் தங்கமும் ஏறினால் அது ஏறும். 2024 மார்ச்சில் 50,000-ஐத் தொட்ட பவுன் 2025 அக்டோபரில் 90,000-ஐத் தாண்டியது. கல்யாண வீட்டில் நகைக்கு எடுத்து வைத்ததுபோக மீதிதானே பட்டுக்கு? முகூர்த்தப் புடவை ஒன்றை மட்டும் நல்ல ஜரிகையில் எடுங்கள். மற்றதற்கு சாஃப்ட் சில்க் போதும், கட்டவும் லேசு.

தேர்தல் என்றாலே ஈரோடு ஜவுளிச் சந்தை படுத்துவிடுகிறதாமே. நானும் கேரளாவில் கடை வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?
— வாசகர், பாலக்காடு

நீங்கள் வந்து போகிற சந்தைதான், உங்களுக்கே தெரியும். திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் வரை, பாதிக்கு மேல் ரொக்க வியாபாரம். தேதி அறிவித்த நாளிலிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் காகிதம் இல்லாமல் வைத்திருந்தால் பறக்கும் படை எடுத்துக்கொள்ளும். சின்ன கடைக்காரர் ஒரு தடவை சரக்கு எடுக்கவே அதைவிட அதிகம் வேண்டும். 2024-இல் ரம்ஜான் ஏப்ரல் 11, நமக்கு வாக்குப்பதிவு ஏப்ரல் 19. சீசன் முழுக்கச் சோதனையில் போயிற்று. 2025-இல் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலை ஜனவரி 7 அன்று அறிவித்தார்கள். பொங்கலுக்கு ஒரு வாரம்! அந்தத் தொகுதிக்கு 2021, 2023, 2024, 2025 என்று ஐந்து வருடத்தில் நான்கு சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல். கரை வேட்டி, துண்டு ஆர்டர் கொஞ்சம் வரும்தான். அது வராத வெளியூர்க்காரர்களை ஈடுகட்டாது.

வாக்குக்குப் பணம் போவதைத் தடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சந்தைக்கு வருகிற வியாபாரிக்கு வழி வைக்காமல் செய்தால் அடி விழுவது தறிக்காரருக்கு. ரொக்கம் முடங்கினால் என்ன ஆகும் என்று 2016-லேயே பார்த்தோம். அக்டோபர் 29 தீபாவளி, நவம்பர் 8 ராத்திரி 500, 1,000 நோட்டு செல்லாது என்றார்கள். கார்த்திகை முகூர்த்தத்துக்குத் துணி எடுக்க வந்த குடும்பம் பழைய நோட்டுக் கட்டோடு வாசலில் நின்றது. சிட்டையில் எழுதிக்கொண்டு துணியைக் கொடுத்தேன். தை மாதம் கடைசிக் காசு வரை கட்டினார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: பணம் எடுத்த வங்கிச் சீட்டு, கடையின் ஜிஎஸ்டி பதிவு நகல், போன தடவை சரக்கு எடுத்த பில், மூன்றையும் பணத்தோடு வையுங்கள். முடிந்த அளவு கணக்கில் அனுப்பிவிட்டு, வழிச்செலவுக்கும் சில்லறைக் கொள்முதலுக்கும் மட்டும் ரொக்கம் கொண்டு வாருங்கள். அப்படியும் பிடித்துவிட்டால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். பணத்தைத் திருப்பித் தர மாவட்டத்தில் ஒரு குழு உண்டு, அங்கே காகிதத்தோடு போங்கள்.