ஐஸும் மீனும் ஒரே வல்லத்தில்: அசமன்பாடு கேள்வி-பதில்

தங்கச்சிமடம், பதினொன்றாம் வகுப்பு மாணவி: விசைப்படகு ஆண்டில் எத்தனை நாள் கடலுக்குப் போகலாம் என்ற கணக்கில் நா = 304 என்று எழுதினேன். சார் தப்பு என்று அடித்துவிட்டார். ஏன்?

நீ கழித்தது சரிதான்மா. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 365-இல் அது போனால் 304. ஆனால் அத்தனை நாளும் யார் போகிறார்கள்? காற்று அடிக்கும், பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுவார்கள், எஞ்சின் படுத்துவிடும். 304 என்பது எல்லை மட்டுமே. ஆகவே நா ≤ 304, அதாவது 304 அல்லது அதற்கும் குறைவு.

பாம்பன், கல்லூரி மாணவர்: எங்கள் வல்லம் (சிறு மீன்பிடிப் படகு) 600 கிலோ தாங்கும். அப்படியானால் 600 கிலோ மீன் ஏற்றலாம்தானே?

தம்பி, ஐஸை விட்டுவிட்டீர்கள். நம் வெயிலுக்குக் கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் என்பது பொதுக் கணக்கு. மீனை மீ, ஐஸை ஐ என்று வைப்போம்.

மீ + ஐ ≤ 600
ஐ ≥ மீ
மீ ≥ 0, ஐ ≥ 0

வரைபடத் தாளில் மீ கிடையாக, ஐ செங்குத்தாக. எந்தப் பக்கம் நிழலிடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒரு புள்ளியை வைத்துப் பாருங்கள். 200 கிலோ மீன், 100 கிலோ ஐஸ்: வல்லம் தாங்கும், ஆனால் கரை சேர்வதற்குள் மீன் இளகிவிடும். இரண்டாவது நிபந்தனை உடைகிறது, அந்தப் பக்கம் வேண்டாம். 100 மீன், 200 ஐஸ்: இரண்டுக்கும் பொருந்துகிறது. மிஞ்சுவது (0, 0), (0, 600), (300, 300) என்ற முக்கோணம். அதிக மீன் கிடைப்பது மூலையில், 300 கிலோ. இப்படி மூலை மூலையாகப் போய் விடை தேடும் முறையைத்தான் கணிதவியலாளர் ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் வகுத்தார்.

வலை, டீசல், ஆட்கள் எடையெல்லாம் அந்த 600-க்குள் அடங்குமா என்று அப்பாவிடம் கேளுங்கள். அடங்கும் என்றால் முக்கோணம் இன்னும் சிறுக்கும்.

தொண்டி: வரைபடத்தில் எப்போது விட்டு விட்டுக் கோடு போடுவது?

< அல்லது > வந்தால். ≤, ≥ என்றால் முழுக்கோடு.

மண்டபம், மகளிர் குழு: பாசி வளர்க்க ஒரு மிதவைக்கு 1,500 ரூபாய் ஆகிறது. கையில் 20,000 இருக்கிறது. 13.33 வருகிறதே?

13தான் அக்கா. பதினான்கு மிதவைக்குப் பணம் 21,000 ஆகிவிடும். ஆனால் எப்போதும் கீழே இறக்கக் கூடாது. வேனுக்கு 15 பேர் என்று 50 பேரை ஏற்ற 3.33 வந்தால் 4 வேன் பிடிக்க வேண்டும். ‘மிகாமல்’ என்றால் இறக்குங்கள், ‘குறையாமல்’ என்றால் ஏற்றுங்கள்.

கீழக்கரை: குறை எண்ணால் பெருக்கினால் குறி ஏன் திரும்புகிறது?

ஆழத்தைப் பாகத்தில் சொல்வோம் அல்லவா? 3 பாகம், 5 பாகத்தைவிடக் குறைவு: 3 < 5. இப்போது கடல் மட்டத்தை 0 என்று வைத்து, கீழே போவதைக் குறை எண்ணாக எழுதுங்கள். 3 பாகத்தில் கிடக்கும் வலை −3, 5 பாகத்தில் கிடப்பது −5. அதாவது இரண்டையும் −1-ஆல் பெருக்கிவிட்டோம். எது மேலே இருக்கிறது? −3. ஆகவே −3 > −5.