பாப் ஸ்மியர் ரிப்போர்ட்டில் ‘ஆஸ்கஸ்’ (ASC-US) என்று வந்திருக்கிறது. புற்றுநோயா?

இல்லைங்க. ஆஸ்கஸ் என்று வந்தாலே புற்றுநோய் என்று அர்த்தம் கிடையாது. நான் டாக்டர் இல்லை, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். "இதைச் சொல்ல நீ யார்" என்று கேட்கப்போகிறவர்கள் தாராளமாக டாக்டரிடமே போய்க் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் இந்த ஒரு வார்த்தையோடு இரண்டு ராத்திரி தூங்காமல் கிடந்தவள் நான்.

சனிக்கிழமை சாயங்காலம் லேபில் கவரைக் கொடுத்தார்கள். டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார். நீங்களும் என்னை மாதிரி பஸ்ஸிலேயே கவரைப் பிரித்து, போனில் தேடித்தான் இங்கே வந்திருப்பீர்கள்.

திங்களன்று டாக்டரம்மா சொன்னது இதுதான்: கர்ப்பப்பை வாயில் எடுத்த செல்களில் சிலது கொஞ்சம் மாறித் தெரிகிறது, ஏன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. சந்தேகமான பீஸை நாங்கள் டேமேஜ் கட்டோடு போடமாட்டோம். தனியாக எடுத்து வைத்து வெளிச்சத்தில் திரும்பப் பார்ப்போம். சாதாரணத் தொற்று, அழற்சி இருந்தால்கூட இப்படி வருமாம்.

அடுத்து எச்.பி.வி. டெஸ்ட். உடலுறவில் பரவுகிற, போகாமல் தங்கினால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடிய வைரஸ் அது. பாசிடிவ், ஆனால் அதிக ஆபத்தான 16, 18 வகைகள் இல்லை. அதை வீட்டில் சொன்னதுதான் தப்பு. "ஏன் அம்மிணி, அதெல்லாம் அப்படி இப்படி இருக்கறவங்களுக்குத்தான வருமாமா?" என்று நங்கையா இழுத்தார். அந்த இழுப்புக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கல்யாணமான பெரும்பாலோருக்கு ஒரு தடவையாவது வந்து, ஒன்றிரண்டு வருஷத்தில் தானாகப் போகிற கிருமி அது. சிலருக்கு வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். யாரால் வந்தது, எப்போது வந்தது என்று எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது.

அப்புறம் கால்போஸ்கோப்பி. வினிகர் மாதிரி ஒரு தண்ணியைத் தடவி லென்ஸில் பார்த்தார்கள், லேசாக எரிந்தது. டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பினார். ரோஸ் நிறத்தில், நடுவில் ஓட்டை போட்ட குட்டி உளுந்து வடை. மாறின செல் இருந்தால் வெள்ளைத் திட்டாகத் தெரியுமாம், அப்படி எதுவும் இல்லை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது பாப் ஸ்மியர், எச்.பி.வி. இரண்டு டெஸ்டும் நெகடிவ்.

இதே தண்ணியைத் தடவி வெறும் கண்ணால் பார்க்கும் சோதனையை ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையிலிருந்து கிராமம் கிராமமாகச் செய்து, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் உலகத்துக்கே காட்டினார்களாம். நம்ம பக்கத்து விஷயம் நமக்குத்தான் தெரியவில்லை.

இன்னொரு வயிற்றெரிச்சல்: நகைக்கடன் ஏல நோட்டீஸ் மட்டும் சுத்தத் தமிழில் வீடு தேடி வருகிறது, உயிர் சமாச்சார ரிப்போர்ட்டில் ஒரு வரி தமிழ் இல்லை. என் வயதைக்கூட 52 என்று போட்டிருந்தார்கள். எனக்கு 43!

சரி, ரிப்போர்ட்டை இன்னொரு தடவை பாருங்கள். ‘ஆஸ்க்’ (ASC) என்பதற்குப் பின்னால் ‘யுஎஸ்’ (US) இருக்கிறதா, ‘எச்’ (H) இருக்கிறதா? எச் என்றால் வேறு வகை. அதற்கு ஒரு வருஷமெல்லாம் காத்திருக்கக் கூடாது, உடனே கால்போஸ்கோப்பி பார்த்துவிட வேண்டும்.