தேங்காயெண்ணெய் கொடுத்ததும் பாலில் கொழுப்பு ஏன் குறைஞ்சுது?

வணக்கங்க. மாடு ஏப்பத்தில் விடற மீத்தேன் வாயுவைக் குறைக்க, 10 லிட்டர் கறக்கற ஜெர்சி கலப்பினத்துக்குத் தினம் அரை லிட்டர் தேங்காயெண்ணெய் தவிட்டுத் தண்ணியில் ஊத்தறீங்க. இப்போ சோளத்தட்டை மிச்சம் வைக்குது, சொசைட்டியில் கொழுப்பு 4.2-லிருந்து 3.4-க்கு வந்துருச்சுன்னு எழுதியிருக்கீங்க. அளவுதானுங்க தப்பு.

12 கிலோ உலர்பொருள் (ஈரம் நீக்கின தீவன எடை) தின்னற மாட்டுக்கு மொத்தக் கொழுப்பு 6 சதவீதம், அதாவது 720 கிராம் தாண்டாம இருக்கறது நல்லது. சோளத்தட்டிலும் தீவனத்திலும் ஏற்கெனவே 350 கிராம் போல இருக்கும். நீங்க ஆட்டி ஊத்தற ஒரு கிலோ பருத்திக்கொட்டையில் இன்னொரு 180. அதுக்கு மேல அரை லிட்டர், அதாவது 460 கிராம் எண்ணெய்! தேங்காயெண்ணெயில் இருக்கற லாரிக் அமிலம் மாட்டு வயித்தில் மீத்தேன் உண்டாக்கற நுண்ணுயிரை அடக்கும். அளவு மீறினா நார் செரிக்கற பாக்டீரியாவையும் முடக்கிடும். நார் செரிச்சு வர்ற அசிட்டேட்தான் பால் கொழுப்புக்கு மூலப்பொருள்.

எண்ணெயை 10 நாள் அடியோட நிறுத்துங்க. சாணியைக் கையில் பிசைஞ்சு பாருங்க, செரிக்காத தட்டுத் துண்டு நீளநீளமா வர்றது நிக்கணும். அப்புறம் 100 மில்லி, காலையில் பாதி, சாயங்காலம் பாதி. தண்ணியில் ஊத்தாதீங்க, மேலே மிதக்கறதை ஒரே மூச்சில் உறிஞ்சிடும். தவிட்டில் பிசிறி வைங்க. பருத்திக்கொட்டை தொடர்ற வரைக்கும் 150 மில்லியைத் தாண்ட வேண்டாம்.